தீக்குச்சித் தலை முங்கும் ஆழம்

அசாஹிகாவா, ஜப்பான்
18 செப்டம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கு பவானி எழுதுவது.

நானும் இக்ராவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் சுகம்தானா, உங்கள் இடது காதில் சீழ் நின்றதா என்று முதலில் எழுதவும். போனில் எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்கிறீர்கள். நான் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் ஏஜென்சி ஆட்கள் யாங்கோனுக்கும் இங்கேயுமாகப் போய் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் பத்துப் பதினைந்து நாளில் வந்து சேரும்.

விஷயம் இதுதான். முதியோர் இல்லத்தில் எங்களுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. இதுவரை இருவரும் சைக்கிளில் போய் வந்தோம். பனி விழுந்துவிட்டால் சைக்கிள் ஆகாதாம். இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா தன் சின்னக் காரை எங்களுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு லைசென்சும் வந்துவிட்டது. உங்கள் வேனில் ஓட்டிப் பழகியது வீண் போகவில்லை.

இந்த ஊரில் ஒரு வண்டிக்கு இரண்டு செட் டயர். வெயிலுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. அந்த அம்மாவின் பனி டயர் நான்கும் கொட்டகையில் இருக்கின்றன. எங்கள் மேற்பார்வையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, இவை போதாது, புதிது வாங்குங்கள் என்கிறார். புதிது என்றால் என் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். தாமுவேயில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் இருக்கும்போது நான் ஏன் ஊரார் பேச்சைக் கேட்க வேண்டும்?

கடையில் நீங்கள் பார்ப்பதுபோலவே தீக்குச்சியைத் தலைகீழாகப் பள்ளத்தில் விட்டு, டயர் மட்டம் வந்த இடத்தில் நகத்தால் கீறினேன். குச்சியை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்களாம். அதனால் ஒவ்வொரு குச்சியையும் இந்தத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, கீறல் வந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு படம். பள்ளத்துக்கு நடுவில் அங்கங்கே சின்ன மேடு ஒன்று இருக்கிறது. அது டயர் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதையும் பக்கத்தில் வரைந்திருக்கிறேன். மேற்பார்வையாளர் அந்த மேட்டைத்தான் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

இக்ரா, "நல்லப்பன் மாமா சொன்னாச் சரியா இருக்கும்க்கா" என்கிறாள். அவளுடைய அம்மா மைமூன் அக்காவிடம் நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லவும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை பவானி

*

தாமுவே, யாங்கோன்
10 அக்டோபர் 2022

அன்புத் தங்கை பவானிக்கு அண்ணன் நல்லப்பனின் ஆசிகள்.

இங்கே அனைவரும் நலம். காதில் சீழ் நின்றுவிட்டது, கேட்கும் சக்திதான் இன்னும் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவனுக்குக் காது எதற்கு? டயரைக் கையால் தட்டினால் எனக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

உன் படங்களைக் கடையில் நாலு பேருக்குக் காட்டினேன். நான்கு குச்சியிலும் தலை முழுக்க முங்கி, அதற்கு மேலும் ஒரு நூல் அளவு உள்ளே போயிருக்கிறது. தலை முங்கினால் டயர் ஓடும். இது நம் கடையின் முதல் பாடம். உன்னிடம் இருப்பது இங்கே முதல் நம்பர் சரக்கு. இதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கு என்பவனுக்கு டயர் விற்கும் வேலையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அந்த மேடு கம்பெனி வைக்கிற அடையாளம். ஜப்பானிலிருந்து வரும் பழைய பனி டயர் எல்லாவற்றிலும் பார்க்கிறேன். அதைக் கண்டுகொள்ளாதே.

பனி டயர் பற்றி எனக்குத் தெரியாததா? கன்டெய்னருக்கு முப்பது நாற்பது வருகிறது. ரப்பர் மெத்தென்று இருக்கும். ஏப்ரல் வெயிலுக்கு இங்கே தாங்காது என்பதால் த்வாண்டே படகுக்காரர்களுக்குத் தள்ளிவிடுகிறேன். படகு ஜெட்டியில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். உனக்கு அங்கே வெயிலே இல்லை. பிறகு என்ன பயம்? பேசாமல் மாட்டிக்கொண்டு ஓட்டு.

மைமூன் அக்கா கடைக்கு வந்திருந்தார். "உங்க பவானி கூட இருக்கிறான்னுதான் இக்ராவை அனுப்பினேன், தம்பி" என்று இந்த முறையும் சொன்னார். அதை நினைவில் வைத்துக்கொள். உன் அண்ணி சித்ரா காய்ந்த இறால் போட்டு உனக்குப் பாலாச்சோங் வறுத்து அனுப்பியிருக்கிறாள். இக்ராவுக்குப் பாதி கொடு.

என்றும் உன் அண்ணன்,
நல்லப்பன்

*

அசாஹிகாவா
2 நவம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் பாலாச்சோங்கும் கிடைத்தன. நாங்கள் இருவரும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பனி டயர்களை மாட்டியாயிற்று. மாட்டிய கடைக்காரருக்கு வயது எழுபது இருக்கும். மேட்டைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்துக் காட்டினார். இங்கே அப்படிக் காட்டினால் கூடாது என்று அர்த்தம். என் அண்ணன் டயர் கடைக்காரர், அவர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் சொன்னேன். உங்கள் ஊரில் பனி விழுமா என்று கேட்டார். விழாது என்றேன். டயரை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மேற்பார்வையாளரிடமும் அதையே சொன்னேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று முதல் பனி விழுந்தது. இக்ரா வெளியே ஓடிப்போய் லுங்கியை விரித்துப் பிடித்தாள். கீழே விழுந்தவுடன் கரைந்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் உயரமான கம்பங்கள் நட்டு, அவற்றின் தலையில் கீழ்நோக்கி அம்புக்குறி மாட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் அது எதற்கு என்று தெரியாமல் இருந்தது. பனி மூடிவிட்டால் ரோடு எங்கே முடிகிறது என்று அந்த அம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

மறக்காமல் காது டாக்டரிடம் போகவும்.

அன்புடன்,
பவானி

*

தாமுவே
24 நவம்பர் 2022

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலத்தையும் இக்ராவின் நலத்தையும் எழுது.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கரண்ட் நாளுக்கு நாலு மணி நேரம்தான் வருகிறது. கம்ப்ரஸருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. பௌர்ணமி விளக்குத் திருவிழாவுக்கு இந்த வருஷம் தெருவில் கூட்டம் குறைவு. சித்ரா காளி கோயிலுக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அடுத்த தெரு விநாயகமூர்த்தி வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டான். வேறு விசேஷமில்லை.

அங்கே வேலை எப்படி? கிழவிகள் உன்னிடம் கோபித்துக்கொள்கிறார்களா?

வண்டியை மெதுவாக ஓட்டு. டயர் விஷயத்தில் அங்கே இருப்பவர்கள் ஏதாவது சொன்னால் அதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்.

இப்படிக்கு அண்ணன்,
நல்லப்பன்

*

அசாஹிகாவா
27 டிசம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இறைவன் அருளால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதம் இந்த முறை ஏன் இவ்வளவு குட்டியாக இருந்தது? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே பனி இப்போது என் இடுப்பு உயரம். காலை நாலரைக்கு எழுந்து, வண்டி எங்கே இருக்கிறது என்று தோண்டிக் கண்டுபிடிக்கிறோம். இரவில் வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நான் என்ஜினைச் சூடு பண்ணும்போது இக்ரா சுற்றிலும் வாரிப் போடுவாள். அவளுடைய மூக்கு சிவந்துவிடும். வண்டிக்குள் ஏறியதும் கையைத் தேய்த்துக்கொண்டே பர்மியப் பாட்டு ஒன்றைத் தொடங்குவாள். இல்லம் வந்து சேரும்வரை அது முடியாது.

இங்கே ஓட்டுவது வேறு வித்தை, அண்ணா. புதுப்பனி மேல் ஓட்டினால் ஒன்றும் செய்யாது, நறநறவென்று பிடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது அழுந்தி அழுந்திக் கண்ணாடியாகிவிட்ட பனிக்கு. அதைவிட மோசமானது கறுப்பு ரோடு. மழை பெய்து ஓய்ந்த தாமுவே ரோடு மாதிரித்தான் தெரியும், ஆனால் மேலே ஐஸ் படிந்திருக்கும். பிரேக்கை அழுத்தக் கூடாது, காலால் தொட்டுத் தொட்டு விட வேண்டும். கியரைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் போகிற வண்டிக்கு மூன்று வீட்டுத் தூரம் விட வேண்டும். எல்லாம் கற்றுக்கொண்டேன்.

போன வியாழன் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிறுத்தினேன். வண்டி நிற்காமல் ஒரு வண்டி நீளம் போய் நின்றது. பக்கத்தில் வந்த வண்டிகள் எல்லாம் நிறுத்திய இடத்திலேயே நின்றன. இக்ரா பாட்டை நிறுத்திவிட்டு, "அக்கா, நாம நிக்கிறோமா போறோமா?" என்று கேட்டாள். பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

டயர் சரியாகத்தான் இருக்கிறது இல்லையா, அண்ணா? நீங்கள் பார்த்துச் சொன்னதால் கேட்கிறேன்.

அன்புள்ள,
பவானி

*

தாமுவே
12 ஜனவரி 2023

பவானிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த நான்கு டயரையும் கழற்றிவிட்டுப் புதிது வாங்கு. விலையைப் பார்க்காதே, நான் அனுப்புகிறேன். வாங்கும்வரை வண்டியைத் தொடாதே. இரண்டு பேரும் நடந்து போங்கள்.

பனிக்கு வேறு கணக்காம். அந்த மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் பனிக்கு ஆகாதாம். விவரம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தீக்குச்சியை மறந்துவிடு.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. அப்போதிருந்து சித்ரா தன் போனில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ எடுக்கவில்லை. மெசேஜுக்கும் பதில் இல்லை. நெட் சரியில்லை என்கிறாள் அவள். நாளை விமானம் ஏறும் ஏஜென்சிப் பெண்ணிடம் இதைக் கொடுக்கிறேன்.

நல்லப்பன்

*

அசாஹிகாவா
19 பிப்ரவரி 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டயர் மாற்றியாயிற்று. நீங்கள் கவலைப்பட வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். என் போன் கெட்டுப்போயிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. அண்ணியிடம் மெசேஜில் சொல்லிவிட்டேன்.

வேலை அதிகம். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காதுக்கு மருந்து விடுகிறீர்களா?

அன்புடன்,
பவானி

*

தாமுவே
15 மார்ச் 2023

அன்புத் தங்கைக்கு ஆசிகளுடன் அண்ணன் எழுதுவது.

இங்கே நலம். அங்கே நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன். அதில் இக்ராவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நீ அங்கே போன நாளிலிருந்து அவள் பெயரில்லாமல் எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை.

நேற்று மைமூன் அக்கா வந்தார். கடை மூலையில் உட்கார்ந்து லப்பெயே டீயை ஆறவைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஜனவரியிலிருந்து இக்ரா போனில் முகம் காட்டுவதில்லையாம், குரல் மட்டும்தான் வருகிறதாம். கேமரா உடைந்துவிட்டது என்கிறாளாம். "பின்னால யாரோ சக்கர நாற்காலி தள்ற சத்தம் கேக்குது தம்பி, வேலை நேரத்துல பேசுறாளா, இல்ல வேற எதுவும் இருக்கா? பவானிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். என் காதுக்கு அருகில் வந்து மெதுவாகச் சொன்னார், கடைப் பையன்களுக்குக் கேட்கக் கூடாது என்று.

நான் என்ன சொல்லட்டும்? உள்ளதை எழுது.

அண்ணன்,
நல்லப்பன்

*

அசாஹிகாவா
9 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுமே என்ற பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

டயர் மாற்றியாயிற்று என்று எழுதியது பொய். மாற்றுவதற்கு வண்டியே இல்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஐந்தரை மணி. இல்லத்துக்குப் போகும் வழியில் ஓர் இறக்கம் வரும், அதன் அடியில் சந்திப்பு. விளக்கு சிவப்பாக இருப்பதை மேலிருந்தே பார்த்துவிட்டேன். கியரைக் குறைத்தேன், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். வண்டி சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பனி வாரும் லாரி இடது பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம்தான் இக்ரா உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான். அவளுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, முழங்கால் நசுங்கிவிட்டது. மூன்று ஆபரேஷன் ஆயிற்று. இனி கம்பில்லாமல் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதியவர்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலையை அவள் இனிமேல் செய்ய முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் தானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மைமூன் அக்கா கேட்ட சத்தம் ஆஸ்பத்திரிச் சத்தம்.

போலீஸ்காரர் டயரில் குனிந்து அந்த மேட்டை ஒரு தடவை விரலால் தொட்டார். மேற்பார்வையாளர் தொட்ட அதே மேடு. பிறகு எழுதிக்கொண்டார். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். நான் வேலைக்கு இப்போது ஒரு மணி நேரம் நடந்து போகிறேன்.

உங்களிடம் மறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் உங்கள் ஜனவரிக் கடிதம் எங்களைக் காப்பாற்றியிருக்கும். அது தெரிந்தால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை, அண்ணா. வாழ்க்கையில் பனியையே பார்க்காதவர் நீங்கள். தெரிந்ததும் அன்றைக்கே எழுதிவிட்டீர்கள். இக்ராவிடமும் அப்படித்தான் சொன்னேன். "மாமா பாவம்க்கா, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பவானி

*

தாமுவே
2 மே 2023

பவானிக்கு,

நீ நலமாக இரு. இக்ரா நலமாக வேண்டும்.

நீ என்மேல் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். முடியவில்லை. தூங்கி எழுந்தால் இக்ரா சொன்ன வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது.

எனக்கு ஜனவரியில் தெரியவில்லை. நவம்பர் பதினான்காம் தேதியே தெரியும்.

அன்று உ தேன் மாங் என்றொரு வாடிக்கைக்காரர் பழைய டயர் இரண்டு வாங்க வந்தார். ஜப்பானின் வடக்கே ஒன்பது வருஷம் லாரி ஓட்டியவர். நீ வரைந்த படத்தை அப்போதும் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். ஜப்பான்காரன் பேச்சைத் தள்ளிவிட்டு என் தங்கை என் பேச்சைக் கேட்டாள் என்று வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன். அவர் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். மேட்டின் மேல் விரலை வைத்தார். "கோ நல்லப்பன், இது மட்டத்துக்கு வந்துட்டா டயர் பனிக்குச் செத்துப்போச்சு. வெறும் ரோட்டுல ஓடும், ஐஸ்ல நிக்காது. இன்னைக்கே எழுது" என்றார். என் காதுக்காக இரண்டு தடவை சொன்னார். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்கு எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்துப்போட்டேன். தங்கை தன் மேற்பார்வையாளரிடமும் கடைக்காரரிடமும் என் பெயரைச் சொல்லி மார்தட்டியிருக்கிறாள், இப்போது தப்பு என்று எப்படி எழுதுவது என்று நினைத்தேன். நீ ஓட்டக் கற்றவள், எதுவும் ஆகாது என்று நினைத்தேன். உன் பெயரைச் சொல்லி என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். பத்து நாள் கழித்து விளக்குத் திருவிழாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கடைசியில் "அதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அது டிசம்பர் தொடக்கத்தில் உன் கைக்கு வந்திருக்கும். அந்த வரிக்குப் பதிலாக டயரை மாற்று என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால் இக்ரா இன்று நடந்துகொண்டிருப்பாள்.

மைமூன் அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் கடைப் பக்கம் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. நீ மன்னிக்கக்கூடியதைவிடப் பெரியது இது.

நல்லப்பன்

*

அசாஹிகாவா
20 ஆகஸ்ட் 2023

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் மே மாதக் கடைசியில் வந்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நலமா என்று கேட்க இன்னும் மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

உங்கள் நவம்பர்க் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அது வந்த அன்று இக்ராதான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். விளக்குத் திருவிழாவைப் பற்றிக் கேட்டதும் எங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்து இருவரும் அழுதோம். கடைசி வரியை நாங்கள் கவனிக்கவே இல்லை.

உங்கள் மே மாதக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். மறைப்பது போதும் என்று தோன்றியது. படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவளுக்கு யார்மேல் கோபம் என்று நானும் கேட்கவில்லை. டயரை மாட்டச் சொன்னவர் நீங்கள். எழுபது வயதுக் கிழவர் கையைக் குறுக்கே வைத்துக் காட்டிய பிறகும் மாட்டியவள் நான்.

செப்டம்பர் பதினான்காம் தேதி மாலை விமானத்தில் இக்ரா வருகிறாள். அவள் வருவதற்கு முன்னால் நீங்கள் மைமூன் அக்காவிடம் போய் உங்கள் வாயால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மா கம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இப்போது இக்ராவும் சொல்கிறாள். நவம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணே தன் தாயிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்படி விட்டீர்களானால், இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

பவானி

*

தாமுவே
15 செப்டம்பர் 2023

தங்கை பவானிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்பதாம் தேதி மைமூன் அக்கா வீட்டுக்குப் போனேன். சித்ரா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டாரா என்று முதலில் கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், தீக்குச்சி, உ தேன் மாங், கிழித்த தாள், எல்லாம். அக்கா அழவில்லை, ஏசவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஏதோ சொன்னார். முகம் தெரியாததால் எனக்குப் புரியவில்லை. சுற்றிப் போய் எதிரே நின்றேன். "என் மகளை உங்க வண்டியில ஏத்தமாட்டேன்னு சொன்னேன்" என்றார்.

ஆனாலும் நேற்று நான் விமான நிலையத்துக்குப் போனேன். வேனுக்கு நான்கும் புது டயர் மாட்டியிருந்தேன். பழைய டயர் விற்றே பிழைத்தவன் முதல் தடவையாகப் புதிது வாங்கினேன். அங்கே மிங்கலாடோனில் பகல் முழுக்க மழை. அக்கா டாக்சியில் வந்திருந்தார். என்னைப் பார்த்தார், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

இக்ரா கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்துவிட்டாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு நின்றதை எழுத எனக்குத் தகுதியில்லை. டாக்சிக்காரன் பெட்டியை ஏற்றினான். இக்ரா ஏற வசதியாகப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அந்தப் பின் சக்கரத்தைப் பார்த்தேன். பள்ளமே இல்லை. உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. குனிந்து அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். வெளியே ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அங்கே பேச உரிமையில்லை. அக்கா என்ன சொல்வார் என்பதும் தெரியும். டயர் விஷயத்தில் இந்த உலகத்தில் எவன் பேசினாலும் நான் பேசக் கூடாது. இருந்தாலும் போய்க் கதவுக்கும் இக்ராவுக்கும் நடுவில் நின்றேன்.

"அக்கா, இந்த வண்டியில ஏறாதீங்க. டயர் போயிருச்சு. மழையில நிக்காது" என்றேன். என் காதுக்கு என் குரலின் அளவு தெரிவதில்லை. சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டாக்சிக்காரன் சண்டைக்கு வந்தான்.

அக்கா என் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னார். "இதை அன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இக்ரா கம்பை ஊன்றி என் வேனுக்குப் போனாள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, கம்பின் நுனியைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். அக்கா வெகுநேரம் நின்றார். மழை நனைக்கிறது என்று அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் வந்து பின்னால் ஏறினார். இக்ரா முன்னால் உட்கார்ந்தாள், காலை நீட்ட அங்கேதான் இடம் இருந்தது.

தாமுவே வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னாலிருந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்திருப்பார்கள், எனக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நான் பிரேக்கைத் தொடும்போது இக்ராவின் நல்ல கால் தரையை அழுத்தியது. கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்ற பிறகுதான் மூச்சு விட்டாள். பதினோரு விளக்கு, பவானி. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் பாடவில்லை.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தேன். அக்கா உள்ளே போய்விட்டார். இக்ரா மட்டும் நின்று, என் வலது காது பக்கம் குனிந்து, "பவானி அக்கா சேதி தெரியாம காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் வந்து சேர்ந்துட்டேன்னு எழுதுங்க மாமா" என்றாள். போனில் சொல்லலாமே என்று நான் கேட்கவில்லை. என்னை எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

இக்ரா வந்து சேர்ந்துவிட்டாள்.

அண்ணன்,
நல்லப்பன்